பேசக்கூடாத போட்டி

ஜூலை 7, ஞாயிறு

செயலாளராக இருக்கச் சம்மதமா என்று போன மாதக் கூட்டத்தில் கேட்டார்கள். ‘வேண்டாம்’ என்றுதான் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. கைதட்டிவிட்டார்கள். குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள், அதுவும் மீனைப் பற்றிப் படித்தவள். தூண்டில் சங்கத்துக்கு இவளைவிட வேறு யார் என்பது அப்பாவின் வாதம். அப்பாதான் சங்கத் தலைவர்.

ஒன்பது சின்னப் படகுகள் உள்ள சங்கம். எங்கள் ஊர் ஏழாம் நம்பர் குட்டை ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். இப்போது தண்ணீரும் பீகாக் பாஸ் மீனும்தான். ஒரு படகுக்கு இரண்டு பேர் என்பது விதி. முன்னால் இருப்பவர் தூண்டில் வீசுவார். பின்னால் இருப்பவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டு, மீன் வந்தால் கைவலையில் ஏந்துவார். அப்பா முன்னால், நான் பின்னால். அம்மா குட்டைப் பக்கமே வரமாட்டார். மீனை அளந்து, படம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவோம்.

கரையோரம் தாமான் என்று ஒரு புதுக் குடியிருப்பு வந்து, இரண்டு மாடி வீடுகளில் ஆட்கள் குடியேறியதும் இஞ்சின் சத்தம் தாங்கவில்லை என்று மாவட்ட மன்றத்தில் முறையிட்டார்கள். அதனால் இந்த மாதத்திலிருந்து பேட்டரி மோட்டார் மட்டும். இன்று முதல் போட்டி. மோட்டார் ஓடுவதே தெரியவில்லை. மேசை விசிறி மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான்.

சிறு சிக்கல் ஒன்று. இருபது வருடமாக இஞ்சினுக்கு மேலே கத்திப் பேசிப் பழகியவர்கள், இஞ்சின் போன பிறகும் கத்துவதை நிறுத்தவில்லை. குட்டையின் அந்தக் கோடியிலிருந்து சின்னராஜூ அங்கிள், இந்தக் கோடியில் இருந்த ஆ லெக் அங்கிளிடம் தன் சம்பந்தி கதையைச் சொன்னார்.

“ஒரு வாரம்னு வந்தாங்க ஆ லெக்! தீபாவளிக்கு வந்தவங்க! இன்னும் என் நாற்காலியில உக்காந்து என் டீவிய பாக்குறாங்க லா!”

“போகச் சொல்லு லா!” ஆ லெக் அங்கிள் சீனர், ரப்பர் தோட்டத்தில் அப்பாவோடு வளர்ந்தவர். அவர் தமிழ் எங்கள் தமிழைவிடச் சுத்தம்.

“எப்படிச் சொல்றது? அவரு என்னைப் பாத்து ‘எப்போ வந்தீங்க’ன்னு கேக்குறாரு!”

மாடிகளில் சிலர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரே செடிக்கு வெகு நேரம் ஊற்றினார்கள்.

மற்றபடி, வெள்ளிக்கிழமை கடல் தாண்டி இருக்கும் சபா மாநிலத்திலிருந்து போன் வந்தது. கடல் ஆய்வு நிலையத்தில் உதவியாளர் வேலை எனக்குத்தான் என்றார்கள். நான் விண்ணப்பித்தது வீட்டில் தெரியாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். “என் மவ இனிமே இங்கதான், ஈப்போவுலயே வேலை வந்துடும்” என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 8, திங்கள்

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 10, புதன்

பத்மலோசனி டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, தாமான் குடியிருப்பாளர் சங்கத் தலைவி. எனக்கு ஆறாம் ஆண்டில் கட்டுரை சொல்லிக்கொடுத்தவர். அவர் சோபாவில் உட்கார்ந்ததும் நான் தானாக எழுந்து நின்றுவிட்டேன்.

“முனியப்பன், இஞ்சின் சத்தம் நின்னதுக்கு நன்றி. இப்போ உங்க ஆளுங்க பேச்சு கேக்குது.”

“என்னா கேக்குது டீச்சர்?” அப்பா இருபத்தைந்து வருடம் மணல் லாரி ஓட்டியவர். காது பாதி போய்விட்டது. மீதியையும் அவர் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை.

“எல்லாம் கேக்குது! யாருக்கு மூலம், யாரு வீட்டுல யாரு கோவிச்சுக்கிட்டு எங்க போனா, எல்லாம்! பேரப்பிள்ளைங்க புதுப் புது வார்த்தை கத்துக்குதுங்க. குட்டையைப் பயன்படுத்துற அனுமதி அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்லையா? மன்றத்துல எங்ககிட்டதான் கேப்பாங்க. இருபத்தெட்டாம் தேதி போட்டியில ஒரு சத்தம் கேட்டாலும் வேண்டாம்னு சொல்லிடுவேன்.”

அப்பா முகம் சுருங்கிவிட்டது. அம்மா தேநீர் கொண்டுவந்தார். டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் கேட்டார்: “அந்த சம்பந்தி போயிட்டாரா?”

ஜூலை 12, வெள்ளி

ஆ லெக் அங்கிளின் தூண்டில் கடையில் அவசரக் கூட்டம். தண்ணீர் மேல் குரல் எப்படிப் போகும் என்று விளக்கச் சொன்னார்கள். மாலை நேரத்தில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும், மேலே உள்ளது சூடாக இருக்கும், அதனால் குரல் மேலே சிதறாமல் வளைந்து கரைக்கே வரும், மெல்லப் பேசினாலும் எதிர்க்கரையில் கேட்கும் என்றேன். நான் சொன்னது இரண்டாம் வரிசையைத் தாண்டவில்லை. ஆ லெக் அங்கிள் அதைத் திரும்பக் கத்திச் சொன்னார்.

தீர்மானம்: பேசக்கூடாத போட்டி. வாய் திறந்தால் அந்தப் படகு அவுட். வேண்டியதை எல்லாம் சைகையில் சொல்ல வேண்டும். கட்டைவிரல் தூக்கினால் மீன். கழுத்தில் விரலை இழுத்தால் பேட்டரி முடிந்தது. இரண்டு கையையும் ஆட்டினால் உதவி.

“பாம்பு வந்தா?” என்றார் சின்னராஜூ அங்கிள்.

“பாம்புக்கு என்னா சைகை வேணும்? நீ குதிக்கிறதைப் பாத்தாலே தெரியும் லா,” என்றார் ஆ லெக் அங்கிள்.

பேசாமல் இருப்பதற்கான விதிகளை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று அப்பா பெருமையாகச் சொன்னார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். “அப்பா, எனக்கு சபாவுல வேலை கெடச்சிருக்கு,” என்றேன். “ஆமா, ஆமா,” என்றார். அவருக்குக் காதில் விழாத எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். இருந்தாலும் நான் சொன்னேன், அவர் ஆமா என்றார். அதற்கு மேல் என்ன செய்ய?

ஜூலை 15, திங்கள்

நேற்று எழுதியது கணக்கில் சேராது.

ஜூலை 16, செவ்வாய்

மாலையில் நான் மட்டும் படகை எடுத்துக்கொண்டு போனேன். பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. குட்டை நடுவில் மோட்டாரை நிறுத்திவிட்டு, அப்பாவிடம் சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் ஒத்திகை பார்த்தேன். தூண்டில் பெட்டியை அப்பாவாக வைத்துக்கொண்டேன்.

“அப்பா, உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும், ஆனா…” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பெண்கள் சேர்ந்து தங்கும் விடுதி. சமையல் நானே. தீபாவளிக்கு வந்துவிடுவேன். பின்னால் உட்கார ஆள் இல்லாமல் அப்பாவின் படகு கரையிலேயே கிடக்குமே என்ற கவலையையும் சொன்னேன். தூண்டில் பெட்டி பொறுமையாகக் கேட்டது.

என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. ஆகவே கவலை இல்லை. சுற்றிலும் யாருமில்லை, கரையில் வழக்கம்போல மாடிகளில் விளக்கு மட்டும்.

ஜூலை 18, வியாழன்

அம்மா சக்கரம் வைத்த பெரிய பை ஒன்று வாங்கி வந்திருக்கிறார். “சும்மா, மலிவு விற்பனையில இருந்துச்சு,” என்றார். நாங்கள் எங்கேயும் போவதில்லையே என்றேன். “பை இருந்தா நல்லதுதானே,” என்று அதை என் அறையில் வைத்துவிட்டுப் போனார்.

தூண்டில் கடையில் ஆ லெக் அங்கிள் ஒரு சின்னப் பெட்டி நிறையக் கடல் தூண்டில் முள் கொடுத்தார். நம் குட்டையில் இது எதற்கு என்று கேட்டேன். “கடல்னு ஒண்ணு இருக்குதானே லா,” என்றார். வயதாகிறது அவருக்கு.

ஜூலை 20, சனி

பேசக்கூடாத போட்டிக்கு ஒத்திகை. தொடங்கிய சிறிது நேரத்தில் ஏழு படகுகள் அவுட். சின்னராஜூ அங்கிள் பெரிய மீன் ஒன்றைத் தவறவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, காலால் படகை உதைத்ததில் நகம் பெயர்ந்து, பிறகு பேசினார். அதை எழுத முடியாது. மாடியில் ஒரு பையனின் காதைப் பொத்தினார்கள்.

எங்கள் படகும் அவுட். அப்பா தனக்குள் முணுமுணுப்பதாக நினைத்துக்கொண்டு முழுக்குட்டைக்கும் கேட்கப் பேசினார்.

மாலை மறுபடி பேட்டரியைச் சோதிக்கப் போனேன். பேச்சைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். “ஆனா” என்று சொல்லும் இடத்தில் நின்றுவிடுகிறேன். கரையில் யாரோ இருமினார்கள். யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள். ஊரில் சளிக்காய்ச்சல் போலிருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

பாசாரில், காய்கறிச் சந்தையில், பத்மலோசனி டீச்சரைப் பார்த்தேன். கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “கட்டுரையோ பேச்சோ, ‘வருத்தமா இருக்கும்னு தெரியும், ஆனா’ன்னு தொடங்கக் கூடாது. நேரா விஷயத்துக்கு வரணும். ஆறாம் ஆண்டுலயே சொன்னேன் உனக்கு,” என்றார்.

டீச்சரின் ஞாபகசக்தி வியப்பானது. ஆறாம் ஆண்டில் நான் அப்படி எழுதியது எனக்கே நினைவில்லை.

ஜூலை 25, வியாழன்

சின்னராஜூ அங்கிள் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, விமானத்தில் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்க வேண்டும், இறக்கைப் பக்கம் வேண்டாம் என்றார். சரி அங்கிள் என்றேன். பிறகு, “அப்பாகிட்ட நான் வேணும்னா…” என்று இழுத்தார். “என்ன அங்கிள்?” என்றேன். “ஒண்ணுமில்ல மா, சம்பந்திக்கு ரொட்டி வாங்கணும்,” என்று போய்விட்டார்.

இந்த வாரம் எல்லாரும் ஒரு மாதிரி இருக்கிறார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

எதையும் விடாமல் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஒன்பது படகும் இறங்கின. மாடிகளில் நாற்காலி போட்டு, தேநீரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் நடு மாடியில். நான் வெள்ளைத் துண்டை ஆட்டினேன், போட்டி தொடங்கியது.

அப்படி ஓர் அமைதியை அந்தக் குட்டை கண்டதில்லை. தூண்டில் நரம்பு காற்றில் போகும் சத்தம் கேட்டது. மீன் கிடைத்தவர்கள் கட்டைவிரலைத் தூக்கினார்கள், மற்றவர்கள் பொறாமையை முகத்திலேயே முடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாடியில் ஒருவர் கொட்டாவி விட்டார். இன்னொருவர் உள்ளே போய்விட்டார். அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

சின்னராஜூ அங்கிளின் படகு எங்களைக் கடந்தது. அவர் அப்பாவைச் சுட்டிக்காட்டி, பிறகு உள்ளங்கையை விமானம் மாதிரி மேலே பறக்கவிட்டு, புருவத்தைத் தூக்கினார். என் சைகைப் பட்டியலில் விமானம் கிடையாது. பேட்டரி போதுமா என்று கேட்கிறார் என நினைத்துத் தலையாட்டினேன். அவர் முகம் மலர்ந்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அடுத்து ஆ லெக் அங்கிள். அதே விமானம். கூடவே தன் காதைத் தொட்டு, அப்பாவைக் காட்டி, கேள்வியாகப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன், எதற்கு என்று தெரியாமலே. அவர் திரும்பி அடுத்த படகுக்கு ‘இல்லையாம்’ என்று கைவிரித்தார். அடுத்த படகு அதற்கடுத்த படகுக்கு. குட்டை முழுக்க விமானங்கள் பறந்தன. நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். பத்மலோசனி டீச்சர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி விரித்தார். தலைமை ஆசிரியை.

அப்போதுதான் புரிந்தது. பை. தூண்டில் முள். கீரைக்கட்டு. தண்ணீர் மேல் மெல்லிய குரலும் கரைக்குப் போகும் என்று விளக்கியவளே நான்தான். அந்தக் கணக்கில் என் குரலையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது, என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவரைத் தவிர.

அப்பாவும் கைகளைப் பார்த்துவிட்டார். வானத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. என் பக்கம் திரும்பி ‘என்ன’ என்று கையசைத்தார்.

“அப்பா, எனக்கு சபாவுல வேலை கெடச்சிருக்கு,” என்றேன், என் குரலில்.

“ஆமா, ஆமா,” என்று தலையாட்டிவிட்டுத் திரும்பித் தூண்டிலை வீசினார்.

அந்த முதுகைப் பார்த்தேன். இப்போது விட்டால், பதில் சொல்லும் நாள் கடந்துபோகும், நான் ‘ஆமா, ஆமா’வுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்து நின்றேன். படகு ஆடியது.

“அப்பா! எனக்கு சபாவுல வேலை கெடச்சிருக்கு! நான் போகணும்! எனக்குப் போக ஆசையா இருக்கு!”

கடைசி வாக்கியம் எந்த ஒத்திகையிலும் இல்லை. குட்டைக்கு அந்தப் பக்கச் சுண்ணாம்பு மலை ‘ஆசையா இருக்கு’ என்று திருப்பிச் சொன்னது.

அப்பா மெல்லத் திரும்பினார். “ஏன் கத்தறே? பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீதானே?”

“உங்களுக்குக் கேக்கலப்பா.”

“எப்போலேர்ந்து?”

“மாசத் தொடக்கத்துலேர்ந்து.”

அவர் தூண்டில் கம்பைக் கீழே வைத்தார். பிறகு ஏதோ பிடிபட்டது போல, குட்டையைப் பார்த்து உரக்கக் கேட்டார்: “டேய், உங்களுக்கெல்லாம் இது தெரியுமா?”

“தெரியும்!” என்றது குட்டை. எட்டுப் படகும், எல்லா மாடியும். அதன் பிறகு டீச்சரின் குரல் தனியாக வந்தது: “போன வாரத்துக்கு முந்தின வாரமே தெரியும், முனியப்பன்!”

விதிப்படி எல்லாப் படகும் அவுட். டீச்சரிடம் படகு இருந்திருந்தால் அதுவும்.

“எங்க தங்குவே?” என்றார் அப்பா. நான் வாய் திறப்பதற்குள் சின்னராஜூ அங்கிள், “ஆஸ்டல் இருக்காம் முனியப்பா! மூணு பொண்ணுங்க!” என்றார்.

“சாப்பாடு?”

“அவளே சமைச்சுக்குவாளாம்!” மாடியிலிருந்து, எனக்குத் தெரியாத ஒரு பெண்மணி.

“பெரிய நாளுக்கு?”

“தீபாவளிக்கு வந்துருவா லா!” ஆ லெக் அங்கிள்.

அப்பா உட்கார்ந்தார். மோட்டாரைத் திருப்பு என்று கை காட்டினார். மலையடிப் பக்கம், எல்லாரையும் விட்டு விலகி, படகைக் கொண்டுபோனேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்பா மெல்லப் பேசினார். நான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“என்னப்பா?”

“கத்தாதே. யாருக்கும் தெரியாது. இருபது வருசமா தலைவரு. முந்தியெல்லாம் பின்னால உன் சித்தப்பா உக்காந்திருந்தான். அவன் கோலாலம்பூர் போனப்போ, முதுகு வலின்னு சொல்லி ஒரு வருசம் கரையில நின்னேன். அப்புறம் நீ வந்தே. நீ ஸ்கூல்ல நீச்சல்ல கப் வாங்கினவ. நீ பின்னால இருந்தா எனக்குப் பயமில்ல.”

ஈப்போவுலயே வேலை வந்துடும் என்று அவர் ஊரெல்லாம் சொன்னது எதற்கென்று இப்போதுதான் தெரிந்தது. மோட்டார் முனகிக்கொண்டிருந்தது.

“அதுக்காக நீ போகாம இருன்னு சொல்லல,” என்றார். “சும்மா, தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்.” பிறகு பழைய குரலில், முழுக்குட்டைக்கும் கேட்க: “அங்க என்னா மீனு?”

கடல் கொடுவா என்று தொடங்கினேன். அவர் தூண்டிலை எடுத்துக்கொண்டார். நான் சொன்னதில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் ஒரு இடத்திலும் ‘ஆமா, ஆமா’ என்று சொல்லவில்லை. “என்னா? திரும்பச் சொல்லு,” என்று கேட்டார்.

ஜூலை 29, திங்கள்

சபாவுக்குப் போன் செய்து வருகிறேன் என்று சொன்னேன். கொஞ்சம் உரக்கப் பேசச் சொன்னார்கள்.

டீச்சர் வந்தார். அனுமதி விஷயத்தில் மன்றத்துக்குத் தன்னால் புகார் சொல்ல முடியாது என்றார். குட்டையில் அன்று சத்தம் போட்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு அப்பாவின் படகில் பின் இருக்கை காலியாகிறதாமே என்று கேட்டார். மாடியிலிருந்து பாதிதான் கேட்கிறதாம்.

“டீச்சருக்கு நீச்சல் தெரியுமா?” என்றார் அப்பா, சாதாரணமாக, செருப்பைத் தேடுவது போல.

“எனக்கென்ன தெரியும்? நான் கணக்கும் தமிழும்தான் சொல்லிக்கொடுத்தேன்.”

அப்பா என்னைப் பார்த்தார்.

ஜூலை 31, புதன்

தூண்டில் கடையில் கூட்டம். செயலாளராக எனக்குக் கடைசிக் கூட்டம். ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன்: அடுத்த மாதத்திலிருந்து எல்லாப் படகிலும் எல்லாரும் மிதவைச் சட்டை போட வேண்டும், போடாதவர் அவுட். ஏன் திடீரென்று என்று கேட்டார்கள். புதுப் பேட்டரிகள் கனம் அதிகம், படகு தாழ்ந்து போகிறது, பாதுகாப்பு முக்கியம் என்றேன். உரக்கச் சொன்னேன். கடைசி வரிசைக்கும் கேட்டது.

“இந்த வெயில்லயா? வேர்த்துச் செத்துடுவோம் மா!” என்றார் சின்னராஜூ அங்கிள்.

எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது அப்பாதான். “நான் என்னா சின்னப் பிள்ளையா? இருபது வருசமா தண்ணியில கிடக்குறவன்! எனக்கு எதுக்கு சட்டை?” மேசையைத் தட்டினார். இரண்டு பேர் அவர் பக்கம் சேர்ந்தார்கள். அவர் எங்கே ஜெயித்துவிடுவாரோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

பிறகு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார். “சரி. செக்ரட்டரி சொல்லிட்டா. படிச்ச பிள்ளை. கேட்டுத்தான் ஆகணும்.”

ஆ லெக் அங்கிள் அலமாரியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அப்பா அதை அங்கேயே போட்டு, வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டார். தேநீர் வந்தது, ரொட்டி வந்தது, சம்பந்தி கதை வந்தது. கூட்டம் முடியும்வரை அவர் அதைக் கழற்றவில்லை.